பொருநைக் கரையில் குடும்பத்தோடு புரூ பப் செல்லும் முறைமை

பெங்களூரில் வாரயிறுதிதோறும் குடும்பங்கள் சென்றுவரும் 'புரூ பப்' எனும் தலத்துக்கு இலக்கணம் மூன்று. பானம் அவ்விடத்திலேயே உண்டாக வேண்டும். அது உண்டாகும் கலம் அருந்துவோர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அருந்தும்போது கடித்துக்கொள்ள ஏதேனும் கிடைக்க வேண்டும். குழந்தைகளை அழைத்துச் செல்லத் தக்கதாக இருத்தல் நான்காவது இலக்கணம் என்பாரும் உளர். அது தலத்தின் இலக்கணமன்று, யாத்திரையின் இலக்கணம். ஆதலால் உரிய இடத்தில் பேசப்படும். இம்மூன்றும் பொருந்திய தலம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஒன்றுகூட இல்லை என்பது பொதுக்கருத்து. பனையைக் கணக்கில் கொள்ளாமையால் நேர்ந்த கருத்து அது.

பனையடியில் பதநீர் விற்கும் இடத்தில் மூன்று இலக்கணமும் குறைவின்றி அமைகின்றன. பானம் பாளையில் ஊறி, அங்கேயே கட்டிய கலயத்தில் சேர்கிறது. கலயம் அண்ணாந்து பார்ப்போர் எவர்க்கும் தெரியும். கடிக்க நுங்கு உண்டு; பருவத்தில் மாங்காய்க் கீற்றும் உண்டு. பெங்களூரில் எஃகுக் கலங்களைக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிறுத்தி, அவற்றின் கொள்ளளவைப் பணியாளர் ஒருவர் விளக்குவார். இங்கே கண்ணாடி இல்லை. விளக்க வேண்டியவர் பெரும்பாலும் மரத்தின் மேல் இருக்கிறார். தமிழ்நாட்டரசு 1978-இல் பனையை மாநில மரமாக ஏற்றது. அதன் பயன்கள் 801 எனத் தால விலாசம் எண்ணியதாகக் கூறுவர். வாரயிறுதிச் சுற்றுலா அந்த 801-க்குள் அடங்குமா, 802-ஆவதா என்பது தனியே ஆராயத்தக்கது.

டாஸ்மாக் கடையை இவ்வரிசையில் சேர்த்தல் பிழை. 1983-இல் தோன்றி, 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் மேற்கொண்ட அந்நிறுவனம் விற்கும் பானம் வேறெங்கோ உண்டாகி, அட்டைப்பெட்டியில் வருவது. கலம் தெரியாது, சில இடங்களில் கடைக்காரரே கம்பிக்குப் பின்னால் பாதிதான் தெரிவார். மாங்காய்க் கீற்று அங்கும் கிடைக்கும் என்ற ஒன்றை மட்டும் கொண்டு அதைத் தலம் எனல் ஆகாது. மேலும் ஆச்சியும் மைனியும் பிள்ளைகளும் வண்டியை விட்டிறங்கி அங்கே சென்ற வழக்கு செய்யுளிலும் இல்லை, உலகியலிலும் இல்லை.

பனம்பானம் இரு வகைப்படும்: பதநீர், கள். இரண்டும் ஒரே மரத்தில், ஒரே பாளையில், ஒரே பனையேறியின் ஒரே அரிவாளுக்குப் பிறப்பவை. அலகுப்பனை எனும் ஆணும் பருவப்பனை எனும் பெண்ணும் இரண்டையும் பாகுபாடின்றித் தருகின்றன. வேறுபாடு கலயத்தின் உட்புறத்தில் தடவிய சுண்ணாம்பு ஒன்றே. சுண்ணாம்புக் கலயத்தில் காற்றோடு வந்து சேரும் ஈஸ்ட் வேலை செய்ய இயலாது. சாற்றில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட சர்க்கரை சர்க்கரையாகவே தரை இறங்கும். சுண்ணாம்பில்லாக் கலயத்தில் அது மரத்திலேயே புளிக்கத் தொடங்கி, சில மணி நேரத்தில் பீரின் வலுவை எட்டிவிடும். எனவே இச்சீமையில் அறத்துக்கும் குற்றத்துக்கும் இடையேயுள்ள தொலைவு, விரலால் இழுத்த ஒரு பூச்சின் கனம்.

அக்கனத்தைச் சட்டம் நெடுங்காலமாக அளந்துவருகிறது. 1937-இல் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, பிறகு மாகாணம் முழுதும் பரவி, 1971-இல் தளர்ந்து, 1974-இல் இறுகி, 1981-இல் மீண்டும் தளர்ந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கு விழுந்த தடை இன்றுவரை நிற்கிறது. இதனை எதிர்த்து 2025 ஜூனில் அரசியல் கட்சித் தலைவர் ஒருவர் திருச்செந்தூர் வட்டாரத்தில் பெரியதாழையில் தாமே பனையேறிக் கள் இறக்கினார். அது வாரயிறுதியில் நடந்ததாயினும் குடும்பச் சுற்றுலா அன்று.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், 93-ஆம் அதிகாரமாக வைத்தார். அடுத்தது சூது; அதற்கடுத்தது மருந்து. கள் 'உடம்புக்குக் குளிர்ச்சி' என்று வாதிடுவோர் மருந்து இரண்டே அதிகாரம் தள்ளி இருப்பதைச் சான்று காட்டக்கூடும். இடையில் சூது கிடப்பதை அவர்கள் காட்டுவதில்லை. புலால் மறுத்தலையோ அவர் துறவறவியலில் வைத்தார். இல்லறத்தார் வண்டியில் ஏறிச் செங்கோட்டை திசையில் நாட்டுக்கோழி தேடிச் செல்வதற்கு இதனால் தடையில்லை என்பது பின்னர் பயன்படும்.

இனி யாத்திரை. இதில் கிழக்கு நெறி, மேற்கு நெறி என இரண்டு உண்டு. கிழக்கு நெறியினர் திருச்செந்தூர் முருகனை முன்னிட்டுப் புறப்படுவர். மேற்கு நெறியினர் குற்றாலத்துச் சாரலை முன்னிட்டு. எந்நெறியினரும் பானத்தை முன்னிட்டுப் புறப்படுவதில்லை. பானம் வழியில் 'எதிர்ப்பட' வேண்டும். எதிர்ப்படும் இடம் போன வாரமே தொலைபேசியில் விசாரித்து வைக்கப்பட்டிருக்கும்.

கிழக்கு நெறி கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வழியே செல்கிறது. இவ்வழியில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை நினைவுகூராத கட்டுரை நெல்லைக் கட்டுரை ஆகாது என்பதால் இங்கே நினைவுகூரப்படுகின்றன. ஆற்றின் வாய்க்கால் பாயும் வரை நெல்லும் வாழையும் இருமருங்கும் நிற்கும். அங்கே அருந்தத்தக்கது டீ. வாய்க்கால் எட்டாத தேரிச் செம்மணலில், சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம், பனை தொடங்குகிறது. 128 கிலோமீட்டர் ஓடி இம்மாவட்டங்களை நனைக்கும் ஆறு நனைக்காமல் விட்ட இடத்தில்தான் தாகத்துக்கு உரியது விளைகிறது என்பதை நீர்ப்பாசன நூல்கள் போதிய அளவு வற்புறுத்தவில்லை.

பதநீரைப் பொழுது கொண்டு பகுத்தல் முறை. சூரியன் பனைமட்டைக்கு மேல் வருமுன் இறக்கியது உத்தமம். இட்லிக்குப் பின் எதிர்ப்படுவது மத்திமம். பகல் பதினொரு மணிக்கு மேல் பிளாஸ்டிக் கேனில் எதிர்ப்படுவது அதமம். எந்தப் பொழுதாயினும் கேள்வியும் விடையும் மாறுவதில்லை.

"அண்ணாச்சி, இது காலைல எறக்குனதா?"

"இப்பதான் தாயி எறக்குனேன். மரத்துல சூடு ஆறல பாருங்க."

இவ்வுரையாடல் சடங்கு வகையைச் சேர்ந்தது. விடையை நம்பி எவரும் அருந்துவதில்லை; நம்பாமல் எவரும் வண்டியேறியதும் இல்லை.

மூலம் கொண்டு பகுத்தால் பதநீர் இரண்டாகும்: மரம் அறிந்தது, மரம் அறியாதது. மரம் அறியாதது சாக்கரின், சுண்ணாம்பு, குழாய்த் தண்ணீர் ஆகிய மூன்றன் கூட்டு. இதனைப் போலி எனச் சிலர் இகழ்கின்றனர். குழாய்த் தண்ணீர் தாமிரபரணியிலிருந்தும், தாமிரபரணி பொதிகையிலிருந்தும் வருவதால், அதன் ஊற்றுக்கண் பனையினும் உயரமான இடத்தில் உள்ளது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

அடுத்து ஏனம். இதில் பட்டைக் கட்சி, தம்ளர் கட்சி என இரண்டு. பட்டை என்பது குருத்தோலையை விரித்து, நுனியைச் சேர்த்துக் கட்டி, தோணியாக்கிய கலம். இரு கையாலும் ஏந்தினால்தான் நிற்கும். ஏந்தியவர் ஏந்திய பின் மூக்கைச் சொறியவோ, கைபேசியை எடுக்கவோ, குழந்தையைச் சாலைக்கு ஓடவிடாமல் பிடிக்கவோ இயலாது. பருகும் வாய் ஓலையின் விளிம்பில் எங்கே பொருந்த வேண்டும் என்பதற்கு விதியில்லை. எங்கே பொருத்தினாலும் கட்டிய நுனியின் வழியே ஒரு சிறு தாரை முழங்கை வரை இறங்கும். பட்டைக் கட்சியினர் இதனைச் சுவையின் பகுதியாகக் கொள்வர். ஓலையின் பச்சை மணம் பதநீரில் கலப்பதே பதநீர் எனவும், தம்ளரில் அருந்துவது சர்க்கரைத் தண்ணீர் எனவும் அவர்கள் வாதம். தம்ளர் கட்சியினர் பெரும்பாலும் பட்டுச்சேலை உடுத்திக் கோயிலுக்குச் செல்லும் வழியிலிருப்போர்; அவர்கள் வாதம் சேலை. இரு கட்சியும் ஒரே வண்டியில் வருவதாலும், விற்பவரிடம் எவர்சில்வர் தம்ளர் ஒன்றே இருப்பதாலும், பூசல் முற்றுவதில்லை.

பட்டைக்குள் நுங்கு இடுதல் பற்றிச் சிறு வேறுபாடு உண்டு. விற்பவர் பனங்காயைச் சீவி, பெருவிரலால் கண்ணைத் தோண்டி, நுங்கைப் பதநீரிலேயே விழச் செய்வார். இளநுங்கு வழுக்கிக்கொண்டு தானே தொண்டைக்குள் இறங்கும்; சற்று முற்றியது பல்லிடுக்கில் நின்று பேச்சைத் தடுக்கும். மாமனார் முன்னிலையில் பேச்சைக் குறைக்க விரும்பும் மருமகன் இரண்டாவதைக் கேட்டு வாங்குதல் நலம். மாங்காய்க் கீற்று இடுவது வேறு மரபு. புளிப்பு ஏற்கெனவே வந்துவிட்ட பதநீரை மாங்காயின் புளிப்பு மறைக்கும் என்பதால், பகல் பதினொரு மணிக்கு மேல் மாங்காயைத் தாராளமாக இடும் அண்ணாச்சியை ஐயுறுவது மரபு.

பன்னாடையால் வடிகட்டிய பின்னும் அடியில் வெண்மையாய்த் தங்கும் சுண்ணாம்பு மண்டியை அருந்தலாமா என்பது நெடுநாள் வழக்கு. ஆச்சி எலும்புக்கு நல்லது என்பார். மைனி வயிற்றுக்கு ஆகாது என்பார். தாத்தா இருவரையும் மறுக்காமல் பட்டையை ஒரு சுழற்று சுழற்றி, மண்டியை மேலே கலக்கி, எது எலும்புக்குச் செல்கிறது எது வயிற்றுக்குச் செல்கிறது என்று பிரித்தறிய இயலாதபடி பருகிவிடுவார். அடி தெரிந்தபின் கடைசிப் பட்டை யாருக்கு என்ற கேள்வி எழும். அதியமானை இழந்து ஔவை பாடிய புறநானூற்றுக் கையறுநிலையில் இதற்கு முன்னோடி உண்டு: கள் குறைவாகக் கிடைத்த நாளில் அவன் அதைப் பாட வந்தவர்க்கே கொடுத்துவிடுவானாம். இக்காலத்தில் அவ்விடத்தில் நிற்பவர் மூத்த மாப்பிள்ளை. அவர் பாட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மேற்கு நெறிக்குப் பருவக் கணக்கு தேவை. பதநீர்க் காலம் கோடையைச் சார்ந்தது. குற்றாலச் சீசன் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றைச் சார்ந்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் வாரங்கள் சில உண்டு. அவ்வாரங்களின் சனிக்கிழமைகளில் ஐந்தருவி வண்டி நிறுத்தத்தில் காணும் நெரிசலுக்கு நீராடல் ஒன்றையே காரணம் காட்டுவது போதாது.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி ஏறத்தாழ 55 கிலோமீட்டர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், முன்பு மாவட்டத்துக்குள்ளேயே நிகழ்ந்த இவ்யாத்திரை இப்போது மாவட்டங்களுக்கிடையிலான யாத்திரையாக உயர்ந்துள்ளது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையில் பிரானூர் பார்டர். 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேரும்வரை திருவிதாங்கூர் எல்லை இங்கேதான் இருந்தது. அன்று எல்லை மேற்கே மலைக்கு நகர்ந்துவிட்டது, பெயர் நகரவில்லை. பரோட்டாவும் கோழியும் பெயரோடு தங்கிவிட்டன. கள் எல்லையோடு சென்றுவிட்டது. உண்பதற்கு ஓர் எல்லை, அருந்துவதற்கு ஓர் எல்லை எனக் குடும்பங்கள் இருமுறை வண்டியை நிறுத்தும் வழக்கம் மாநிலச் சீரமைப்பின் விளைவுகளுள் ஒன்று. சீரமைப்பு ஆணையத்தின் முன் இது எடுத்துரைக்கப்பட்டிருக்க வேண்டும்.

புளியரை தாண்டி மலையேறினால் ஆரியங்காவு. அங்கே ஐயன் கோயில் உண்டு. அருகே பாலருவி உண்டு. மேலே சென்றால் தென்மலை அணை உண்டு. 1904-இல் மீட்டர் பாதையாகத் திறந்து, 2018-இல் அகலப்பாதையாக மீண்ட செங்கோட்டை–புனலூர் ரயில்வழியும், அதில் கழுதுருட்டிப் பக்கம் நிற்கும் பதின்மூன்று கண் பாலமும் உண்டு. காரணங்களுக்குப் பஞ்சமில்லாத சாலை இது. ரயிலில் சென்றால் வண்டி ஓட்டுபவர் என்ற ஒருவரே இல்லாமற்போவதால் யாத்திரையின் தலையாய சிக்கல் தீரும். ஆனால் பாலத்தில் வேகம் குறையும் ரயில், குறைய வேண்டிய பிற இடங்களில் குறைவதில்லை.

சாலையோரத்தில் கறுப்பு எழுத்தில் 'கள்ளு' எனப் பொறித்த பலகையும், அதன் பக்கத்தில் 'ஃபேமிலி' எனும் மற்றொரு பலகையும் தென்படும். இங்கே நிகழும் உரையாடலும் சடங்கே.

"கப்பையும் மீன்கறியும் இங்க நல்லாயிருக்குமாம் மாமா."

"கெழங்குதான மாப்ள. நிப்பாட்டச் சொல்லுங்க, பிள்ளைகளும் பசிக்குங்கும்."

மரவள்ளிக் கிழங்கு திருநெல்வேலிச் சந்தையிலும் கிடைக்கும் என்பதை இருவரும் அறிவர். உள்ளே தட்டி வைத்து அடைத்த சிற்றறைகள். ஓர் அறையில் பெண்களும் பிள்ளைகளும். அடுத்த அறையில் மாமனாரும் மாப்பிள்ளைகளும். தட்டிக்கு மேலே இடைவெளி. குடம்புளியிட்டுச் சிவந்த மீன்கறி முதல் அறைக்கு முதலில் செல்லும். இரண்டாம் அறைக்குச் செல்லும் வெண்ணிறப் பானத்தை முதல் அறையில் எவரும் காண்பதில்லை. காணாமலே ஆச்சி, "போதும்னு சொல்லு, சீக்கிரம் கெளம்பணும்" என்று தட்டியை நோக்கிச் சொல்வார். காணாமையும் அறியாமையும் வேறு வேறு என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

பிராயம் பற்றிய நுட்பம் ஒன்று. மது அருந்துவதற்குரிய வயது தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23. எனவே இருபத்திரண்டு வயதுக் கொழுந்தன் புளியரையில் முழு ஆளாக இருந்து, ஆரியங்காவில் சிறுவனாகி, முதல் அறையில் மருமக்களோடு கிழங்கு உண்பான். மாலையில் திரும்பும்போது அவன் மறுபடி வளர்ந்துவிடுவான். வண்டி ஓட்டும் இளைய மாப்பிள்ளையும் முதல் அறைக்கே உரியவர். மலைப்பாதையின் வளைவுகள் இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் தருவதில்லை. யாத்திரைதோறும் ஓட்டுநர் பதவி சுழன்று வர வேண்டும் என்பது நியாயம். மூத்த மாப்பிள்ளைக்குக் கியர் வண்டி பழக்கமில்லை என்பது வரலாறு.

ஆயின் இக்கடை முதலில் வகுத்த இலக்கணத்துக்குப் பொருந்துமா என்று காணவேண்டும். கடிக்கக் கிடைப்பதில் குறையில்லை. தாராவும் காடையும் வரிசையில் உண்டு. ஆனால் கேரளத்தின் பல மாவட்டக் கடைகளுக்குக் கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வண்டியேறி வருகிறது. அவ்வாறு வந்தது அவ்விடத்தில் உண்டானதன்று. அதன் கலயம் எவ்வளவு அண்ணாந்தாலும் தெரியாது. ஆகவே மூன்றில் இரண்டு விதிகளில் இக்கடை தவறுகிறது. போதை தரும் தலம் புரூ பப் ஆகவில்லை. புரூ பப் ஆகிய தேரிக்காட்டுத் தலம் போதை தரவில்லை. இரண்டும் ஒன்றாகப் பொருந்தும் ஒரே இடம், சுண்ணாம்பு தடவ மறந்த கலயம் தொங்கும் நெல்லைச் சீமைப் பனை. அங்கே 1987 முதல் குடும்பத்தோடு செல்ல இயலாது.

எஞ்சியிருப்பது திரும்பும் வண்டியின் சிக்கல். கிழக்கு நெறியினர் அனைவரும் காலையில் ஒரு தண்ணீர் பாட்டில் நிறையப் பதநீர் வாங்கி, 'வீட்டில் இருப்போருக்கு' என்று பின்பக்கத்தில் வைப்பர். கோயிலில் வரிசை நீளும், வண்டி வெயிலில் நிற்கும், பாட்டில் மறக்கப்படும். மண்டி கடையிலேயே தங்கிவிட்டதால் காக்கும் சுண்ணாம்பு பாட்டிலுக்குள் குறைவு. ஸ்ரீவைகுண்டம் தாண்டும்போது பாட்டிலின் இடுப்பு உப்புகிறது. செய்துங்கநல்லூரில் மூடியிலிருந்து மெல்லிய சீறல் கேட்கிறது. பதநீராக வாங்கியது எந்த ஊர் எல்லையில் கள்ளானது, அவ்வேளையில் அதை மடியில் வைத்திருந்த ஆச்சி சட்டப்படி எதை வைத்திருந்தார், மூடியைத் திறந்தால் குற்றம் கூடுமா குறையுமா என்பவை சட்டக் கல்லூரிகளில் விவாதிக்கத் தக்கவை. வண்டிக்குள் இவை விவாதிக்கப்பட்டன. பாளையங்கோட்டை வரும்வரை முடிவு எட்டப்படவில்லை. மூத்த மாப்பிள்ளை தாம் அதைப் பரிசோதிக்க முன்வந்தார். ஆச்சி பாட்டிலை அவர் கைக்குக் கொடுக்காமல் வீட்டுக்குள் கொண்டுபோய், மறுநாளைக்கு அரைத்து வைத்திருந்த ஆப்ப மாவில் முழுதும் ஊற்றிக் கரைத்து மூடி வைத்தார். ஆப்பம் அருந்தும் பொருளன்று, உண்ணும் பொருள். ஆதலால் அது இவ்வாராய்ச்சியின் எல்லைக்குள் வராது.